எச்சரிக்கைக் கடிதம் போகாத வீடுகள்: பினாங்கு இடைநிலைப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள தேசிய இடைநிலைப்பள்ளிகளின் பி.ஐ.பி.ஜி. எனப்படும் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தால் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். ஐந்தாம் படிவத்துக்கு இரவு வகுப்பு, மண்டபத்துக்குக் குளிர்சாதனம், ஐந்தாம் படிவ இறுதித் தேசியத் தேர்வான எஸ்.பி.எம்.-க்கு விடையளிக்கும் நுட்பப் பட்டறை, இரண்டு நாள் தன்முனைப்பு முகாம். கணக்கறிக்கை வாசித்து, முன்மொழிந்து, வழிமொழிந்து, மீகூனும் தேநீரும் ஆனதும் கலைந்துவிடுகிறோம். அந்த நிரலில் இன்னொரு பொருளையும் சேர்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறோம். பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் பள்ளியோடு ஒரே அளவில் ஒட்டியிருப்பதில்லை. யார் ஒட்டியிருக்கிறார், யார் கழன்றுகொண்டிருக்கிறார் என்று பார்ப்பதற்குப் பள்ளியிடம் உள்ள பதிவுகள் சத்தம் போடுகிறவர்களை நன்றாகவே காட்டுகின்றன. சத்தமில்லாமல் கழல்கிறவர்கள் அவற்றில் சிக்குவதே இல்லை.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈடுபாடு என்றால் நம்மில் பலருக்கு ஒழுங்காக வருவதும் வீட்டுப்பாடம் செய்வதும்தான். 2004-இல் அமெரிக்காவின் ஜெனிஃபர் ஃப்ரெட்ரிக்ஸும் உடன் இருவரும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இதை மூன்றாகப் பிரித்தது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பிரிவில்தான் பேசுகிறார்கள். ஒன்று நடத்தை: வருவது, உட்காருவது, எழுதுவது, போட்டிகளில் சேர்வது. இரண்டாவது உணர்வு: இது என் பள்ளி, இங்கே என்னைத் தெரிந்தவர் இருக்கிறார் என்ற எண்ணம். மூன்றாவது சிந்தனை: புரியாததை விடாமல் பிடித்துக்கொண்டு மோதிப் பார்ப்பது. ஒரு பிள்ளையிடம் இந்த மூன்றும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். தலைமுடி வெட்டச் சொல்லி வாயிலில் நிறுத்தப்படும் பையனுக்குப் பள்ளி மேல் உயிராக இருக்கலாம், காரணம் காற்பந்துக் குழு. பத்துப் பாடத்திலும் ஏ வாங்கும் பெண்ணுக்கு அந்தக் கட்டடத்தைக் கண்டாலே வயிறு கலங்கலாம்.

பள்ளி கையில் வைத்திருக்கும் பதிவுகள் எவை? வருகைப் பதிவு, எஸ்.எஸ்.டி.எம். என்னும் நன்னடத்தைப் பதிவு, வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் போடும் அடைவுநிலைகள். மூன்றும் நடத்தையையும் மதிப்பெண்ணையும்தான் அளக்கின்றன. உணர்வுக்கும் சிந்தனைக்கும் பதிவேடு இல்லை. ஆகவே நடத்தையில் ஒழுங்காகவும் மற்ற இரண்டில் வெறுமையாகவும் இருக்கும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. நாங்கள் அதிகம் கவலைப்படுவது இந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

அவனை எப்படி அடையாளம் காண்பது? கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். தேதி எழுதியிருக்கும். தலைப்புக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு இருக்கும். வெண்பலகையில் ஆசிரியர் செய்து காட்டிய மூன்று எடுத்துக்காட்டும் வரி தவறாமல் இருக்கும். அதற்குக் கீழே பயிற்சிக் கணக்கு 1 முதல் 5 வரை எண் மட்டும் போட்டு இடம் விடப்பட்டிருக்கும். அடுத்த நாள் விடையைச் சொன்னதும் அந்த இடம் நிரம்பியிருக்கும். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஓரத்தில் கிறுக்கிப் பார்த்த கணக்கு இல்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் இந்த நோட்டைப் பார்த்து, எவ்வளவு சுத்தம் என்று பாராட்டிவிட்டுத் திரும்புகிறோம். சிந்தித்தவன் நோட்டு அழுக்காகத்தான் இருக்கும். மலாய்க் கட்டுரையிலும் இதே கதை: மனப்பாடமான முன்னுரை ஒரு பத்தி அழகாக நிற்கும், இரண்டாம் பத்தியில் சொந்த வாக்கியம் தொடங்கும் இடத்தில் கையெழுத்தே மாறிவிடும்.

இந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் தேர்வாவது சொன்னது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போனது, மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022-இல் போனது. இரண்டையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றியது சரியென்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அவை போன பிறகு, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளை வெளியார் திருத்தும் தேசியத் தேர்வுத்தாளை முதன்முறையாக எஸ்.பி.எம்.-இல்தான் பார்க்கும் நிலை வந்தது. இடையில் எஞ்சியவை பள்ளியிலேயே திருத்தப்படும் ஆண்டிறுதித் தேர்வும் வகுப்பறை மதிப்பீடும். வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை. முப்பத்தைந்து பேர் வகுப்பில் கை தூக்காத, தொந்தரவும் தராத பிள்ளைக்கு ஆசிரியர் என்ன போடுவார்? பெரும்பாலும் 3. எல்லாப் பாடத்திலும் 3 என்று வரும் அறிக்கையைப் பார்த்து எந்த அப்பாவும் பதறுவதில்லை. 3 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த 3 செய்து காட்டி வாங்கியதா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விழுந்ததா என்று கேட்கவும் யாரும் கற்றுத்தரவில்லை. நான்காம் படிவத்தில் கணக்கு விழும்போது, நேற்று வரை நன்றாகத்தானே படித்தான் என்கிறார்.

வருகைக்கு வருவோம். இதில் சங்கங்கள் உடனே செய்யக்கூடிய வேலை இருக்கிறது.

பள்ளி ஆண்டு ஏறக்குறைய 190 நாள். அதில் பத்தில் ஒரு பங்கு 19. அமெரிக்கப் பள்ளிகளில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ வராத மாணவரைத் தனியே கணக்கெடுக்கிறார்கள், காரணம் எதுவானாலும் சரி, மருத்துவச் சான்றிதழ் இருந்தாலும் சரி. இங்கே முதல் எச்சரிக்கைக் கடிதம் போவது, காரணமின்றித் தொடர்ந்து மூன்று நாளோ விட்டுவிட்டுப் பத்து நாளோ வராதபோதுதான். மாதத்துக்கு இரண்டு நாள் வராத பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒருபோதும் தொடர்ந்து மூன்று நாள் ஆகாது. பத்து நாள் சேர ஐந்து மாதம் பிடிக்கும். அதிலும் பாதிக்கு மேற்பட்ட நாளுக்கு, காய்ச்சல் என்று பிள்ளையே எழுதி அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கும், அவை கணக்கில் சேரா. ஆண்டு முடிவில் இருபது நாள் போயிருக்கும், ஒரு கடிதமும் போயிருக்காது. போகும் கடிதமும் பழைய முகவரிக்குப் போகும். வாடகை வீடு மாறிய குடும்பங்கள் பள்ளியில் முகவரியை மாற்றுவது அபூர்வம். சரியான முகவரிக்கே போனாலும், பிற்பகலில் பள்ளிக்குப் போகும் பிள்ளை காலையில் வீட்டில் இருக்கும்போதுதான் தபால்காரர் வருகிறார்.

எத்தனை நாள் என்பதை விட எந்த நாள் என்பது அதிகம் பேசும். திங்கள் தோறும் விடுபட்டால் சனி ஞாயிறு வேலைக்குப் போகிறானா என்று கேளுங்கள். தங்கும் விடுதிகளின் விருந்துகளில் பரிமாறுவது, கார் கழுவும் கடை, உணவகம், இவை நள்ளிரவு வரை போகும். 1966-ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, 18 வயது நிரம்பாதவரை இரவு எட்டு மணிக்கு மேல் வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. அதைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல ஒரு சங்கத் தலைவரால் முடியும், பதினைந்து வயதுப் பையனால் முடியாது. செவ்வாய் அல்லது புதன் என்று ஒரே கிழமை திரும்பத் திரும்ப விடுபட்டால் நேர அட்டவணையை எடுங்கள். அன்று இரட்டைப் பாடவேளையாக ஒரு பாடம் இருக்கும், அந்தப் பாடத்தில்தான் முடிச்சு இருக்கும். மாதத்தின் கடைசி வாரம் மட்டும் என்றால் வேன் கட்டணம். உடற்கல்வி நாளில் மட்டும் வருகிறான் என்றால் மகிழுங்கள், இன்னும் ஒரு கயிறு அறுபடவில்லை. உடற்கல்வி நாளில் மட்டும் வராத பெண்பிள்ளை என்றால் ஆசிரியை ஒருவர் தனியே பேச வேண்டிய விஷயம் அது, பெற்றோருக்குக் கடிதம் போடும் விஷயம் அல்ல.

இந்த மாதிரி பார்க்கத் தனி மென்பொருள் வேண்டாம். வகுப்புக்கு ஒரு தாள். இடப்பக்கம் பெயர்கள், மேலே ஆறு வாரம், ஒவ்வொரு வாரத்திலும் ஐந்து கட்டம். வராத நாளுக்குக் கறுப்பு, முதல் பாடவேளைக்குப் பின் வந்தால் பாதிக் கறுப்பு. ஆறாம் வார முடிவில் சுவரில் ஒட்டி ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். செங்குத்தாகக் கறுப்பு தெரிந்தால் அந்தக் கிழமையின் சிக்கல், கிடையாகத் தெரிந்தால் அந்தப் பிள்ளையின் சிக்கல். தாளை ஆசிரியர் அறைக்கு வெளியே கொண்டுவராதீர்கள். வகுப்பறையில் ஒட்டிய பள்ளிகள் உண்டு. கறுப்புக் கட்டம் கூடியது பையன்களுக்குள் பட்டம் ஆகிவிடுகிறது.

ஆறு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிய பள்ளியின் தொடக்கமே பின்னால் வரப்போவதை அதிகம் சொல்கிறது. சிகாகோவில் 2005-இல் வந்த ஆய்வில், உயர்நிலைப்பள்ளியின் முதல் ஆண்டான ஒன்பதாம் வகுப்பை ஒழுங்கான நிலையில் முடித்த மாணவர், அப்படி முடிக்காதவரை விட ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிக வாய்ப்போடு பள்ளிப்படிப்பை முடித்தது தெரிந்தது. ஆரம்பப்பள்ளி மதிப்பெண்ணை விட அந்த முதல் ஆண்டுதான் நன்றாக முன்னறிவித்தது. ஃபிலடெல்ஃபியாவில் 2007-இல் வந்த ஆய்வு இன்னும் கீழே போய் ஆறாம் வகுப்பிலேயே அறிகுறிகளைப் பார்த்தது: வருகை எண்பது விழுக்காட்டுக்குக் கீழ், கணக்கில் தோல்வி, மொழியில் தோல்வி, நடத்தையில் குறை. நம் சங்கங்கள் பணத்தை ஐந்தாம் படிவத்தில் கொட்டுகின்றன. அங்கே மிச்சமிருப்பவர்கள் ஏற்கெனவே தாக்குப்பிடித்தவர்கள்.

முதலாம் படிவத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இருக்கிறது, அதில் சற்று நிற்க வேண்டும். ஆறு ஆண்டு கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்த பிள்ளை, ஒரே பள்ளி விடுமுறையில் மலாய்க்கு மாறுகிறது. மலாய் அடிப்படை போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பு ஓராண்டு உண்டு. ஆனால் நேரே முதலாம் படிவம் போகிறவர்களும் பேச்சு மலாயோடுதான் போகிறார்கள். கடையில் பேசும் மலாய் வேறு, கணக்குப் புத்தகத்தின் மலாய் வேறு. பின்னம் தெரிந்த பிள்ளைக்கு ‘பெச்சாஹான்’ தெரியாது. பெருக்குத்தொகை தெரியும், ‘ஹாசில் டாராப்’ தெரியாது. ‘பாக்கி’ மட்டும் தடுமாறவே மாட்டார்கள், நம் வீட்டிலும் அது பாக்கிதானே.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், தடுக்குவது பெரிய கலைச்சொல்லில் அல்ல, சின்னச் சின்னச் சொற்களில். முதலாம் படிவக் கணக்கில் ஒருபடிச் சமனிலி என்ற அத்தியாயம் இருக்கிறது. ‘செக்குராங்-குராங்ஞா 40’ என்று கேள்வி வரும். பிள்ளை அதற்குள் ‘குராங்’ என்ற ஒலியைப் பிடித்துக்கொள்ளும். குராங் என்றால் குறைவு என்று அதற்குத் தெரியும், ஆகவே நாற்பதுக்குக் குறைவு என்று குறியைப் போடும். அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘குறைந்தது நாற்பது’, அதாவது நாற்பதோ அதற்கு மேலோ. குறி எதிர்த்திசையில் இருக்க வேண்டும். கணக்கு தெரிந்த பிள்ளை, கணக்கில் தவறு செய்யாமலே பூஜ்யம் வாங்குகிறது. ஆசிரியர் அதைக் கணக்கில் பலவீனம் என்று குறிக்கிறார். பிள்ளையும் நமக்குக் கணக்கு வராது போல என்று முடிவு கட்டுகிறது. கை தூக்குவது இரண்டாம் மாதத்தில் நிற்கும். சுத்தமான நோட்டு அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மருந்து மலிவானது. முதலாம் படிவக் கணக்கில் 13 அத்தியாயம். ஒன்றுக்கு ஐந்தாறு சொல் எடுத்தால் எழுபது சொல் சுற்றி வரும். ஏ4 தாளில் இரு பக்கம், இடப்பக்கம் மலாய், வலப்பக்கம் தமிழ். ஆனால் சொல்லுக்குச் சொல் பட்டியலாக மட்டும் தராதீர்கள், அது பையில் மடிந்து கிடக்கும். ‘ஒவ்வொருவருக்கும்’, ‘மீதம்’, ‘குறைந்தது’, ‘மிகாமல்’, ‘முறையே’ ஆகிய சொற்கள் வரும் முழுக் கேள்விகளைப் பத்துப் பன்னிரண்டு சேருங்கள். விடை காண வேண்டாம், கேள்வி என்ன கேட்கிறது என்று தமிழில் சொன்னால் போதும். வாரத்துக்கு இருபது நிமிடம், பள்ளி திறந்ததிலிருந்து எட்டு வாரம். ஐந்தாம் படிவத்து அக்கா ஒருவர் நடத்தினால் ஆசிரியரை விட நன்றாக நடக்கும். அவரும் அதே சொல்லில் தடுக்கியவர்தான். அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் பிறகு விரிக்கலாம், ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் தொடங்கினால் எதுவும் நிற்காது.

இரண்டு நேரம் நடக்கும் பள்ளிகளில் கீழ்ப்படிவங்கள் பிற்பகலில் வருகின்றன. பகல் ஒரு மணிவாக்கில் தொடங்கி மாலை ஆறரை வாக்கில் முடியும். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளையைக் காலையில் பார்க்கவும் முடியாது, மாலையில் பார்க்கவும் முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் காலைப் பொழுது முழுக்கக் கைப்பேசிக்குப் போகிறது. தூக்கம் இரவு இரண்டு மணிக்குத் தள்ளிப்போகிறது. புறப்பாட நடவடிக்கையோ காலையில் நடக்கும். அதற்கு வந்தால் ஒரே நாளில் இரண்டு முறை வேன் வேண்டும், வேன்காரர் ஒரு முறைக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே சாரணர், செம்பிறைச் சங்கம், பூப்பந்து எல்லாம் பேருக்கு. பள்ளியோடு உணர்வால் ஒட்ட வைக்கும் முதல் பசை புறப்பாடம்தான் என்று பார்த்தால், மிகவும் தேவைப்படும் இரண்டு ஆண்டில் அது கிடைக்காமல் போகிறது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கு 10 விழுக்காடு புறப்பாட மதிப்பெண் என்று நான்காம் படிவத்தில் மிரட்டுவதில் பயன் குறைவு. ஒரு சங்கத்தால் இதில் செய்யக்கூடியது எளிது: புறப்பாட நாளுக்கு மட்டும் கூடுதல் வேன் ஏற்பாடு, அல்லது காலையில் வந்த பிள்ளைகள் பள்ளி தொடங்கும் வரை உட்கார ஓர் அறையும் ஒரு மதிய உணவும். சாப்பிட்டுவிட்டு வீட்டுப்பாடம் செய்வார்கள், செய்யாமல் கதை பேசினாலும் பாதகமில்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சத்தம் போடும் பிள்ளை பற்றி உங்களுக்கே தெரியும். அவனைப் பற்றி ஒரு வேண்டுகோள்தான்: தண்டனையாகப் பந்தையும் உறுமி மேளத்தையும் பறிக்காதீர்கள், அவனைப் பள்ளியில் கட்டி வைத்திருக்கும் ஒரே கயிறு அதுவாக இருக்கலாம். ஏ மட்டும் வாங்கும் பிள்ளையைக் கவனியுங்கள், தேர்வில் வராது என்றால் எதையும் படிக்க மாட்டேன் என்பது ஈடுபாடு அல்ல, கொடுக்கல் வாங்கல். கையால் வேலை செய்தால்தான் உயிர் பெறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாதாரண இடைநிலைப்பள்ளிகள் சிலவற்றிலேயே நான்காம் படிவத்தில் தொழிற்கல்வித் திட்டம் உண்டு, எஸ்.பி.எம்.-ஓடு மலேசியத் திறன் சான்றிதழ் இரண்டாம் நிலையும் கிடைக்கும். பத்து லஞ்சாங், பட்டர்வொர்த், நிபோங் திபால் ஆகிய இடங்களில் தொழிற்கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. ‘படிப்பு ஏறாதவன் போகும் இடம்’ என்று பெற்றோர் முகம் சுளிப்பதால் மூன்றாம் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டிய காலம் கடந்துவிடுகிறது. பிறகு விருப்பமில்லாத பாடத் தொகுப்பில் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இனி, உணர்வையும் சிந்தனையையும் எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்க வேண்டும், வேறு வழியில்லை. அரைத்தாள் அளவு அட்டையில் நான்கு கேள்வி போதும். பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பாய், பெயர் எழுது. நீ இரண்டு நாள் வராவிட்டால் பள்ளியில் எந்தப் பெரியவர் கவனிப்பார், பெயர் எழுது. சென்ற வாரம் நேரம் போனதே தெரியாமல் இருந்த ஒரு பாடவேளை எது? நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய்? மலாயிலும் தமிழிலும் அச்சிடுங்கள். பத்து நிமிட வேலை. ‘பள்ளி பிடிக்குமா’ என்று மட்டும் கேட்காதீர்கள், பிடிக்கும் என்று எழுதுவதில் நம் பிள்ளைகள் மகா மரியாதைக்காரர்கள். பெயர் கேட்டால் பொய் சொல்வது கடினம். முதல் இரண்டு கேள்வியும் வெறுமையாக வந்தால் அதுதான் நீங்கள் தேடிய பிள்ளை.

இது கெட்டுப்போகும் விதமும் தெரிந்ததுதான். வகுப்புத் தலைவன் அட்டைகளைச் சேகரித்தால் வாசித்துவிடுவான், எல்லாரும் விளையாட்டாக எழுதுவார்கள். பெயரே எழுத வேண்டாம் என்றால் யாரைப் போய்ப் பார்ப்பது? பெயர் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடு என்றால் அவர் பெயரையே எழுதிவிடுவார்கள். ஆகவே பதிவு எண் மட்டும் எழுதி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். ஆலோசக ஆசிரியர் மட்டும் திறக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் யாரிடமாவது ஏதாவது மாற வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் முறை அட்டை கொடுக்காதீர்கள், வெறுங்கையோடு திரும்பத் திரும்பக் கேட்டால் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

அட்டையில் கிடைத்த பெயர்களை என்ன செய்வது? ஆலோசக ஆசிரியர் நூற்றுக்கணக்கானோருக்கு ஒருவர், அவர் மேசையில் நடத்தைக் கோப்புகளே மலையாக இருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், ஒரு பெரியவர் சில மாணவர்களை எடுத்துக்கொண்டு குறைந்தது இரண்டு ஆண்டு விடாமல் பார்க்கிறார். வருகை, நடத்தை, மதிப்பெண் மூன்றையும் ஒழுங்காகப் பார்ப்பது, பார்த்ததை வைத்துப் பிள்ளையோடு பேசுவது, வீட்டோடு பேசுவது. அவ்வளவுதான் அதன் சாரம். இங்கே ஒருவருக்குப் பன்னிரண்டு பிள்ளை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. நூலகப் பணியாளர், ஆய்வுக்கூட உதவியாளர், பள்ளி அனுமதியோடு பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எவரும் ஆகலாம். ஒழுங்கு ஆசிரியர் மட்டும் வேண்டாம். பேச்சை மதிப்பெண்ணில் தொடங்க வேண்டாம். ‘வேன் இன்று எத்தனை மணிக்கு வந்தது’ என்று தொடங்கினால் வீடு முழுவதும் வெளியே வரும். பார்க்கிறவருக்கு மாற்றல் வந்தால், போவதற்கு முன் பிள்ளையை அடுத்தவரிடம் கையைப் பிடித்து ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் தொடங்காமலே இருந்திருக்கலாம்.

தன்முனைப்பு முகாம் பற்றி ஒரு வார்த்தை. விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அம்மா அப்பாவை நினைத்து அழ வைப்பது, மறுநாள் காலை பாத பூஜை. அழுகை பொய்யில்லை, கண்ணெதிரே பார்க்கிறோம். ஆனால் திங்கட்கிழமை ‘செக்குராங்-குராங்ஞா’ அப்படியேதான் இருக்கிறது. அந்த முகாமின் தொகையில் பாதியை முதலாம் படிவத்துக்குத் திருப்பினால், மேலே சொன்ன அட்டை, தாள், புறப்பாட நாள் வேன் மூன்றுக்கும் தொடக்கப் பணம் கிடைத்துவிடும்.

தமிழ்மொழி வகுப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். பதினைந்து கையெழுத்துச் சேர்ப்பது சங்கத்தின் ஒரு மாலை வேலை. வகுப்பு கிடைத்த பல இடங்களில் அது பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோ தொங்குகிறது, வேன் போன பிறகு தமிழ் படிக்க யார் நிற்பார்? நேர அட்டவணைக்குள் கேளுங்கள். ஈடுபாட்டைப் பற்றிய மடலில் இது எதற்கு என்றால், பல பிள்ளைகளுக்கு நாள் முழுக்கத் தடுக்காமல் வாய் திறக்கும் ஒரே பாடவேளை அதுதான். அட்டையின் இரண்டாம் கேள்விக்கு எழுதப்படும் பெயர் பல சமயம் அந்தத் தமிழாசிரியர் பெயராகவே இருக்கும்.

இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் வகையில் 2025-இல் நாடாளுமன்றம் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. நல்லது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே காணாமல் போகிறவர்களுக்கு அந்தத் திருத்தத்தில் விடையில்லை, அது பள்ளிக்குள்தான் தேட வேண்டியது.

வரும் பொதுக்கூட்டத்தில் நான்கு தீர்மானங்களை முன்மொழியக் கேட்கிறோம். முதலாம் படிவத்துக்கும் புகுமுக வகுப்புக்கும் ஆறு வார வருகைத் தாள். ஆறாம் வாரத்திலும் ஆண்டின் நடுவிலும் நான்கு கேள்வி அட்டை. எட்டு வாரச் சொல் வகுப்பு. தமிழ்மொழி வகுப்பை அட்டவணைக்குள் கொண்டுவரக் கோரும் பெற்றோர் கையெழுத்து. நான்கும் ஒரே ஆண்டில் முடியாதென்றால் வருகைத் தாளிலிருந்து தொடங்குங்கள், அதற்கு வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தலைமையாசிரியர் தலையசைத்தால் போதும். தீர்மானத்தை மலாயிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிக்கலில் பாதி நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல, பக்கத்து நாற்காலியில் இருக்கும் மலாய், சீனப் பெற்றோரும் வழிமொழிவார்கள்.

இப்படிக்கு,
பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களோடு பணிபுரியும் தமிழாசிரியர்கள், ஆலோசக ஆசிரியர்கள் சிலர்